மைனர் லீக்கில் ரிங்கு சிங் என்ன ஆனார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தேனி வேகம் (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். நான் கேட்பது 2023இல் குஜராத்துக்கு எதிராகக் கடைசி ஓவரில் ஐந்து சிக்ஸர் அடித்த கொல்கத்தா ரிங்கு சிங்கைப் பற்றி இல்லை. அதே பெயரில், அதே உத்தரப் பிரதேசத்தில் பிறந்த இன்னொருவர். டபிள்யூடபிள்யூஇ பார்ப்பவர்களுக்கு ‘வீர் மகான்’ என்றால் தெரியும். நெற்றி நிறையப் பட்டை, நீண்ட தாடி, ஆறடிக்கு மேல் உயரம்.

போன வாரம் என் அத்தை மகன், “இந்த ஆள் மல்யுத்தத்துக்கு வருவதற்கு முன்னால் அமெரிக்காவில் பேஸ்பால் ஆடினவர் தெரியுமா?” என்றான். நான் நம்பவில்லை. தேடிப் பார்த்தால் உண்மைதான். 2008இல் இந்தியாவில் ஒரு டிவி போட்டியில் ஜெயித்து, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் என்ற பெரிய கிளப்போடு ஒப்பந்தம் போட்டிருக்கிறார். ஆனால் நான் படித்த எல்லாக் கட்டுரையும் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது. “சில வருடங்கள் மைனர் லீக்கில் ஆடினார், மேஜர் லீக்கை எட்டவில்லை.” அவ்வளவுதான். அந்தச் சில வருடங்களில் என்ன நடந்தது என்று யாருமே எழுதவில்லை.

எனக்கு அதுதான் வேண்டும். மைனர் லீக் என்றால் என்ன? நம் ஊர் டிஎன்பிஎல் மாதிரியா, ரஞ்சி மாதிரியா? அங்கே ஆடுபவர்களுக்கு வயிற்றுக்குப் போதுமான சம்பளம் வருமா? அவர் நன்றாக ஆடினாரா, இல்லை விளம்பரத்துக்காகச் சும்மா வைத்திருந்தார்களா?

ஏன் இவ்வளவு கேட்கிறேன் என்றால், அவர் இடது கையால் எறிபவர், நானும் இடது கை வேகப்பந்து வீச்சாளன். மாவட்ட லீக்கில் இரண்டாவது டிவிஷன் ஆடுகிறேன். பகலில் சித்தப்பாவின் மோட்டார் உதிரிபாகக் கடையில் நிற்கிறேன். வயது 24 ஆகிவிட்டது. “இன்னும் எத்தனை வருஷம்டா?” என்று அப்பா கேட்க ஆரம்பித்துவிட்டார். மேலே போகாமல் நடுவிலேயே பல வருடம் ஆடியவர்களின் கதை எனக்குத் தேவைப்படுகிறது.

---

நெய்வேலிக்காரன்:

தம்பி, உன் கேள்விக்கு நான் பதில் எழுதாமல் இருக்க முடியாது. 2009 முதல் 2015 வரை மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரில் இருந்தேன். கனாவா ஆற்றங்கரையில் ஒரு கெமிக்கல் பிளாண்டில் வேலை. அந்த ஊரில் பைரேட்ஸ் கிளப்பின் கீழ்நிலை அணி ஒன்று இருந்தது, மேற்கு வர்ஜீனியா பவர் என்று பெயர். ரிங்கு சிங் ஆடியது அங்கேதான். நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

முதலில் மைனர் லீக் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன், அது புரியாமல் மற்றது புரியாது. டிஎன்பிஎல் மாதிரியும் இல்லை, ரஞ்சி மாதிரியும் இல்லை. அமெரிக்க பேஸ்பாலின் மேல்மட்டமான மேஜர் லீக்கில் 30 கிளப்புகள். ஒவ்வொரு கிளப்புக்கும் கீழே ஒரு ஏணி இருக்கிறது. உச்சியில் ட்ரிபிள்-ஏ, அதன் கீழே டபுள்-ஏ, அப்புறம் ஹை-ஏ, சிங்கிள்-ஏ. இந்த நான்கு படிகளிலும் சேர்த்து இப்போது 120 அணிகள். அதற்கும் அடியில் புளோரிடாவிலும் அரிசோனாவிலும் பயிற்சி வளாகங்களிலேயே நடக்கும் தொடக்க லீக்குகள், டொமினிக்கன் குடியரசில் ஒரு கோடை லீக். ஆட்டக்காரன் ஒப்பந்தம் போடுவது மேலே இருக்கும் கிளப்போடுதான். சம்பளம் கொடுப்பதும் அவர்கள்தான், எந்தப் படியில் ஆட வேண்டும் என்று முடிவு செய்வதும் அவர்கள்தான். உள்ளூர் முதலாளிக்கு டிக்கெட், சோளப்பொரி, மைதானம், பஸ். அவரால் ஒரு ஆளைக்கூட நிறுத்தி வைத்துக்கொள்ள முடியாது.

இதனால் உள்ளூர் ரசிகனுக்கு என்ன ஆகும் தெரியுமா? ஏப்ரலில் ஒரு பையன் வருவான், அடி அடியென்று அடிப்பான், ஊரே அவன் பெயரைச் சொல்லும். ஜூனில் ஒரு நாள் காலையில் மேல் படிக்குப் போய்விடுவான். சரியாக ஆடாதவனும் ஒரு நாள் காலையில் காணாமல் போவான், அவன் போவது வீட்டுக்கு. ஆகஸ்ட் வரை நம் கண்முன் நிற்பவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள். எனக்கு அவர்கள் மேல்தான் பிரியம் அதிகம்.

இனி ரிங்கு சிங். பதோஹி மாவட்டத்து கிராமத்துப் பையன், அப்பா லாரி டிரைவர். லக்னோ விளையாட்டுக் கல்லூரியில் ஈட்டி எறிந்துகொண்டிருந்தார். அந்த டிவி போட்டியின் பெயர் ‘மில்லியன் டாலர் ஆர்ம்’. ஜே.பி. பெர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்க விளையாட்டு ஏஜென்ட் நடத்தினார். 37,000 பேருக்கு மேல் வந்து எறிந்து பார்த்தார்கள். யார் வேகமாகவும் குறியாகவும் எறிகிறார்கள் என்பதுதான் போட்டி. ரிங்கு ஜெயித்தார், பரிசு 1 லட்சம் டாலர். இரண்டாமவர் தினேஷ் படேல், அவரும் அதே கல்லூரி ஈட்டிக்காரர்தான்.

அதுவரை அவர்கள் பேஸ்பால் ஆடியதே கிடையாது என்பதை நினைத்துப் பார். கையுறை எந்தக் கையில் போடுவது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 2008இல் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய், டாம் ஹவுஸ் என்ற பழைய பிட்சரிடம் (பேஸ்பாலில் பந்து எறிபவர்) சில மாதம் பயிற்சி. நவம்பரில் கிளப்புகளின் தேர்வாளர்கள் முன்னால் எறிந்து காட்டினார்கள். அந்த மாதமே பைரேட்ஸ் இருவரையும் ஒப்பந்தம் செய்தது. அமெரிக்காவில் ஒரு பெரிய தொழில்முறை பேஸ்பால் கிளப்போடு ஒப்பந்தம் போட்ட முதல் இந்தியர்கள் இவர்கள்.

இவர்களை வைத்துப் படம் எடுத்தவர்களும் கட்டுரை எழுதியவர்களும் இங்கேதான் நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு இங்கிருந்துதான் கதை.

2009 ஜூலையில் புளோரிடாவின் வளாக லீக்கில் முதல் ஆட்டம். அதே மாதம் முதல் வெற்றி. அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் ஓர் இந்தியப் பிட்சர் பெற்ற முதல் வெற்றி அது. கூட்டம் கிடையாது, மின்விளக்கு கிடையாது. அந்த லீக் ஆட்டங்கள் புளோரிடா வெயிலில் பகலில் நடக்கும். அங்கே போனவன் முதலில் தன் உடம்போடுதான் சண்டை போட வேண்டும். அந்த வருடம் அவருடைய ஈ.ஆர்.ஏ. ஆறுக்குப் பக்கத்தில். ஈ.ஆர்.ஏ. என்றால் ஒன்பது இன்னிங்ஸுக்கு (அது ஒரு முழு ஆட்டம்; மூன்று பேர் அவுட் ஆனாலே ஓர் அணியின் இன்னிங்ஸ் முடிந்துவிடும்) ஒரு பிட்சர் சராசரியாக எத்தனை ரன் கொடுக்கிறார் என்ற கணக்கு, நம் எகானமி ரேட் மாதிரி என்று வைத்துக்கொள்.

2010 முடிந்ததும் தினேஷை கிளப் விட்டுவிட்டது. அவர் ஊர் திரும்பினார். கூட வந்த ஒரே ஆள் போன பிறகும் ரிங்கு தங்கிவிட்டார். குளிர்காலத்தில் எல்லோரும் வீட்டுக்குப் போகும்போது அவர் ஆஸ்திரேலியா போய் கான்பெரா அணிக்கு ஆடினார், கூடுதலாகப் பந்து வீசக் கிடைக்குமே என்று. 2011இல் டொமினிக்கன் கோடை லீக்கில் தொடங்கி, பென்சில்வேனியாவின் ஸ்டேட் காலேஜ் அணி, அங்கிருந்து எங்கள் சார்ல்ஸ்டன். ஒரே வருடத்தில் மூன்று ஊர், இரண்டு நாடு, மூன்று உடைமாற்றும் அறை.

2012தான் அவருடைய முழு சீசன். தெற்கு அட்லாண்டிக் லீக், சிங்கிள்-ஏ. 39 ஆட்டங்களில் நடுவில் வந்து வீசும் ரிலீவராக 72 இன்னிங்ஸ். 65 பேர் ஸ்ட்ரைக் அவுட், அதாவது பந்தை அடிக்க முடியாமலேயே அவுட். ஈ.ஆர்.ஏ. சரியாக 3.00. அதாவது 72 இன்னிங்ஸில் 24 ரன். நாலு வருடம் முன்னால் இந்த ஆட்டத்தையே அறியாத ஒருவர், ஆறு வயதிலிருந்து இதையே ஆடி வளர்ந்த பையன்களுக்கு எதிராகக் கொடுத்த கணக்கு இது. “விளம்பரத்துக்காக வைத்திருந்தார்களா” என்று கேட்டாய் அல்லவா? விளம்பரத்துக்கு வைத்திருப்பவனை 72 இன்னிங்ஸ் வீச விடமாட்டார்கள் தம்பி.

அந்தக் கோடையில் நானும் மனைவியும் வேலை முடிந்து அடிக்கடி மைதானத்துக்குப் போவோம். டிக்கெட் ஒரு சினிமாவை விடக் குறைவு. ஆறேழாவது இன்னிங்ஸில் புல்பென் கதவு திறக்கும். ரிலீவர்கள் உட்கார்ந்திருக்கும் மூலைக்கு அப்படிப் பெயர். ஸ்பீக்கரில் ‘சிங்’ என்று கேட்டதும் நாங்கள் இரண்டு பேரும் எழுந்து நிற்போம். அகலமான தோள், அவசரமில்லாத நடை. அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ‘டோஸ்ட் மேன்’ என்று ஒரு ரசிகர், பிளக் பாயின்ட் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி வாட்டிக்கொண்டிருப்பார். எதிரணி ஆள் ஸ்ட்ரைக் அவுட் ஆனால் சூடான ரொட்டித் துண்டுகளைக் கூட்டத்துக்குள் வீசுவார். ரிங்கு வீழ்த்திய ஒரு ஆளுக்காக வந்த ரொட்டியை என் மனைவி பிடித்தாள். பிரசாதம் மாதிரி இரண்டாகப் பிட்டு ஆளுக்குப் பாதி சாப்பிட்டோம்.

அதே அணியில் அந்த வருடம் கிரிகரி பொலாங்கோ என்ற டொமினிக்கன் பையன் ஆடினான். 2014 ஜூனில் அவன் பிட்ஸ்பர்க் மைதானத்தில் மேஜர் லீக் ஆடத் தொடங்கிவிட்டான். ஒரே பஸ்ஸில் போனவர்கள்.

ரிங்குவுக்கு 2013இல் காயம். டாமி ஜான் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டி வந்தது. 2013, 2014, 2015 மூன்று சீசனும் போய்விட்டன. 2012க்குப் பிறகு அவர் ஒரு சீசன் ஆட்டத்தில்கூட வீசவில்லை. 2018இல் மல்யுத்த ஒப்பந்தம்.

2012 ஆகஸ்டில் அவருக்கு 24 வயது நிறைந்தது, உன் வயதுதான்.

---

தேனி வேகம்:

அண்ணா, ரொம்ப நன்றி. கடையில் வைத்து இரண்டு முறை படித்தேன். பஸ் என்று எழுதியிருக்கிறீர்களே, அமெரிக்காவிலும் பஸ்தானா? சம்பளம் பற்றியும் சொல்லவில்லை. அந்த 1 லட்சம் டாலர் பரிசு இல்லாத சாதாரண மைனர் லீக் ஆள் எப்படிப் பிழைக்கிறான்?

---

கரோலினா அடுப்பங்கரை:

இதற்கு நான் சொல்லலாம் தம்பி. வட கரோலினாவில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். 2016 முதல் 2019 வரை நாலு கோடையும் எங்கள் வீட்டு மாடி அறையில் ஆட்டக்காரர்கள் தங்கினார்கள். ஊர் அணியின் அலுவலகத்திலிருந்து, “வீட்டில் ஓர் அறை இருக்கிறதா?” என்று கேட்பார்கள். வாடகை கிடையாது. நமக்கு சீசன் டிக்கெட் கொடுப்பார்கள். பையன்களின் சம்பளத்தில் அந்த ஊரில் வீடு எடுக்க முடியாது என்பதால்தான் இந்த ஏற்பாடு.

சம்பளத்தைச் சொல்கிறேன். 2020 வரைக்கும் சிங்கிள்-ஏ ஆளுக்குக் குறைந்தபட்சம் வாரம் 290 டாலர். அதுவும் சீசன் நடக்கும் ஐந்து மாதத்துக்கு மட்டும். மார்ச் மாதப் பயிற்சி முகாமுக்குச் சம்பளம் கிடையாது. வெளியூர் போனால் சாப்பாட்டுக்கு நாளுக்கு 25 டாலர். குளிர்காலத்தில் எங்கள் வீட்டுப் பையன்களில் ஒருவன் கிடங்கில் பெட்டி தூக்கினான், இன்னொருவன் சின்னப் பிள்ளைகளுக்குப் பேட்டிங் சொல்லிக் கொடுத்தான். மேஜர் லீக்கில் இருப்பவனுக்கு அப்போதே வருடத்துக்கு 5 லட்சம் டாலருக்கு மேல் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இதன் கொடுமை தெரியும்.

பஸ்ஸேதான் தம்பி. இரவு பத்து மணிக்கு ஆட்டம் முடியும், குளித்துவிட்டு ஏறினால் விடியும்போது அடுத்த ஊர். உயரமான பையன்கள் நடைபாதையில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு வருவார்களாம். வந்து இறங்கும்போது கழுத்தைத் திருப்ப முடியாமல் நிற்பார்கள். நான் நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டிருக்கிறேன்.

எங்களோடு இரண்டு கோடை தங்கியவன் டொமினிக்கன் குடியரசுப் பையன், வந்தபோது வயது 19. கேட்சர், நம் விக்கெட் கீப்பர் மாதிரி. ஆங்கிலத்தில் பத்து வார்த்தை தெரியும், அதில் பாதி ஆட்டத்துக்கானவை. முதல் வாரம் அவன் சரியாகச் சாப்பிடவே இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு நாள் ரசம் சாதத்துக்கு வாழைக்காய் வறுவல் போட்டு வைத்தேன். அவன் அடுப்படிக்கு வந்து தட்டைப் பார்த்து நின்றுவிட்டான். அவர்கள் ஊரிலும் வாழைக்காய்தான், நசுக்கிப் பொரிப்பார்கள், வேகவைத்து மசித்துக் காலையில் சாப்பிடுவார்கள். மிளகாய்த்தூள் அவனுக்கு ஆகவில்லை, ஆனால் தட்டில் ஒன்றுகூட மிச்சமில்லை. அதற்கப்புறம் இந்தியக் கடைக்குப் போகும்போதெல்லாம் அவனும் வருவான். வாழைக்காயை அவனே அழுத்திப் பார்த்து எடுப்பான்.

அந்தப் பையன் மாதம் பிறந்தால் அந்தச் சம்பளத்திலும் அம்மாவுக்கு 200 டாலர் அனுப்புவான். செருப்பு பிய்ந்துபோய் பசை போட்டு ஒட்டிக்கொண்டிருந்தான். நாங்கள் வாங்கிக் கொடுத்தால் வாங்கமாட்டான். பிறந்தநாள் என்று பொய் சொல்லித்தான் கொடுத்தோம்.

2019 மார்ச்சில் பயிற்சி முகாமிலிருந்து போன் வந்தது. காலை ஆறரை மணி. அவனை ‘ரிலீஸ்’ செய்துவிட்டார்கள். முகாமில் அதற்கு ஒரு முறை இருக்கிறது. உடைமாற்றும் அறைக்குள் வரும்போதே ஒரு ஆள் வாசலில் நின்று, “மேனேஜர் கூப்பிடுகிறார்” என்பார். அந்த வாசலில் அந்த ஆள் நிற்கிறாரா என்று பார்த்துக்கொண்டேதான் எல்லாப் பையன்களும் மார்ச் மாதம் முழுக்க உள்ளே நுழைவார்கள். இரண்டு நிமிடப் பேச்சு, கைகுலுக்கல், மதியத்துக்குள் விமானம். அவனுக்கு 21 வயது. போனில் அழவில்லை. மாடி அறையில் விட்டுப் போன பழைய கையுறையை அனுப்ப வேண்டாம், உங்கள் மகனே வைத்துக்கொள்ளட்டும் என்றான். நான்தான் அழுதேன்.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஆட்டக்காரர்கள் வழக்குப் போட்டார்கள், 2022இல் 185 மில்லியன் டாலருக்குச் சமரசம் ஆனது. அதே வருடம் தங்குமிடத்தைக் கிளப்பே தர வேண்டும் என்று ஆனது, செப்டம்பரில் தொழிற்சங்கத்திலும் சேர்ந்தார்கள். 2023இல் முதல் ஒப்பந்தம். சிங்கிள்-ஏயில் வருடத்துக்கு 11,000 டாலராக இருந்தது 26,200 ஆனது, ட்ரிபிள்-ஏயில் 17,500 என்பது 35,800 ஆனது. வசதியான சம்பளம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் செருப்பு வாங்கலாம்.

எங்கள் மாடி அறை இப்போது காலியாகத்தான் இருக்கிறது. பையன்களுக்கு நல்லது நடந்ததில் எனக்கு முழுச் சந்தோஷம். இருந்தாலும் ஏப்ரல் வந்தால் போர்வையை உதறி விரித்துவிடுகிறேன்.

---

தேனி வேகம்:

அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் செய்ய முடியவில்லை.

நெய்வேலி அண்ணாவுக்கு இரண்டு கேள்வி. ஒன்று, அந்த அறுவைச் சிகிச்சை என்ன, ஏன் மூன்று வருடம்? எனக்கும் முழங்கையில் உள்பக்கம் சில நாள் சுருக்கென்று குத்துகிறது. இரண்டு, யாரும் ரிலீஸ் செய்யாவிட்டால், தானாக எப்போது நிறுத்துவது என்று அவர்கள் எப்படி முடிவு செய்கிறார்கள்?

---

நெய்வேலிக்காரன்:

முதலில் முழங்கை. இதை இணையத்தில் கேட்டுக்கொண்டிருக்காதே, எலும்பு டாக்டரிடம் காட்டு. இந்த வாரமே.

டாமி ஜான் என்பது ஒரு பிட்சரின் பெயர். அவரும் இடது கைதான். 1974இல் முழங்கையின் உள்பக்கத் தசைநார் கிழிந்தது. அதுவரை அப்படி ஆனவர்கள் ஆட்டத்தை விட்டுப் போய்விடுவார்கள். டாக்டர் ஃபிராங்க் ஜோப், ஜானின் வலது கையிலிருந்து ஒரு நாணை எடுத்து இடது முழங்கையில் தைத்தார். 1976இல் ஜான் திரும்பி வந்து, அதற்குப் பிறகு மட்டும் 164 ஆட்டங்கள் ஜெயித்தார். இன்றைக்கு நூற்றுக்கணக்கான பிட்சர்களின் கையில் அந்தத் தையல் இருக்கிறது. பொதுவாக ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் திரும்பிவிடுவார்கள். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. ரிங்குவுக்கு ஆகவில்லை.

கிரிக்கெட்டில் நாம் கையை நீட்டிச் சுழற்றுகிறோம், அதனால் பாரம் தோளுக்கும் முதுகுக்கும் முன்காலுக்கும் போகிறது. பேஸ்பாலில் மடக்கிய முழங்கையை விரித்து எறிய வேண்டும், நம் ஊரில் அது நோ-பால். கிட்டத்தட்ட ஒரே தூரம்தான், 60 அடி 6 அங்குலம். பந்து தரையில் படவே கூடாது, ஒவ்வொன்றும் ஃபுல் டாஸ். ஏமாற்றுவதெல்லாம் காற்றிலேயே நடக்க வேண்டும். அந்தச் சுழிப்பை முழங்கைதான் தாங்குகிறது. உனக்கு வீசும்போது குத்துகிறதா, பவுண்டரியிலிருந்து எறியும்போது குத்துகிறதா என்று கவனி. டாக்டர் அதைத்தான் முதலில் கேட்பார்.

இரண்டாவது கேள்விக்கு ஒரு ஆளைத்தான் சொல்ல வேண்டும். ட்ரூ மாகி. 2010இல் கிளப்புகள் புது ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும்போது, இதே பைரேட்ஸ் கிளப் 15வது சுற்றில் எடுத்த பையன். ரிங்கு இருந்த அதே ஏணி, அதே காலம். ரிங்கு போய்விட்டார், மாகி ஆடிக்கொண்டே இருந்தார். கிளப் மாறியது, ஊர் மாறியது, மேலே போவார், கீழே வருவார். 2021 செப்டம்பரில் மினசோட்டா கிளப் மேல் அணிக்கே கூப்பிட்டது. உடையைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார், ஆட்டத்தில் இறக்கவில்லை, திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை. எனக்கு இன்றைக்கும் நம்ப முடியாத இடம் அதுதான். எட்டவே முடியாமல் போவதை விட, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவதுதான் கடினம் என்று நினைக்கிறேன்.

2023 ஏப்ரலில் அவர் டபுள்-ஏயில், பென்சில்வேனியாவின் ஆல்டூனாவில் இருந்தார். வயது 33. மைனர் லீக்கில் 13 சீசன், 1,155 ஆட்டங்கள். பைரேட்ஸ் கூப்பிட்டது. ஏப்ரல் 26, பிட்ஸ்பர்க் மைதானம், எட்டாவது இன்னிங்ஸ். ஆண்ட்ரூ மக்கட்சென் என்ற பெரிய ஆட்டக்காரருக்குப் பதிலாக அடிக்கப் போனார். கூட்டம் முழுக்க எழுந்து நின்று “ட்ரூ, ட்ரூ” என்று கத்தியது. நான் ஹூஸ்டனில் என் வீட்டுச் சோபாவில் எழுந்து நின்றேன். ஸ்ட்ரைக் அவுட் ஆனார். ஆகிவிட்டுப் போகிறது! மூன்று நாள் கழித்து வாஷிங்டனில் முதல் ஹிட் அடித்தார். அந்த வருடம் மேல் அணியில் மொத்தம் 3 ஆட்டம், 2 ஹிட்.

இதைச் சொல்லி உன்னை 33 வயது வரை ஆடு என்று சொல்லவில்லை தம்பி. அவருடைய 1,155 ஆட்டத்துக்கும் யாரோ சம்பளம் கொடுத்தார்கள், குறைவாக இருந்தாலும் கொடுத்தார்கள். உன் மாவட்ட லீக்கில் வேன் வாடகையை நீயே பங்கு போட்டுக் கொடுக்கிறாய் என்று நினைக்கிறேன். அது பெரிய வித்தியாசம், அப்பா கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவரிடம் உட்கார்ந்து பேசும்போது, “மேலே போவேனா” என்பதை மட்டும் வைத்துப் பேசாதே. போன வருடத்தை விட இந்த வருடம் என்ன கற்றுக்கொண்டாய் என்று எடுத்துச் சொல். மைனர் லீக் கோச்சுகள் சீசன் முடிவில் ஒவ்வொரு பையனையும் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்பது அதைத்தான். பதில் சொல்ல முடிகிறவன் அடுத்த வருடம் வருவான்.

இன்னொரு விஷயம். எங்கள் சார்ல்ஸ்டன் அணிக்கே ஒரு ரிலீஸ் வந்தது. 2020 முடிவில் மேஜர் லீக் தன் கீழ் அணிகளை 160இலிருந்து 120 ஆகக் குறைத்தபோது எங்கள் ஊர் ஏணியிலிருந்து விழுந்துவிட்டது. பெயரை மாற்றிக்கொண்டு, எந்தக் கிளப்பையும் சேராத அட்லாண்டிக் லீக்கில் இப்போதும் ஆடுகிறார்கள். கிளப்புகள் விட்டுவிட்ட பையன்கள் அங்கே வந்து ஆடுகிறார்கள்.

---

தேனி வேகம்:

அண்ணா, நாளைக்கு மதுரைக்குப் போய் டாக்டரைப் பார்க்கிறேன். எறியும்போதுதான் குத்துகிறது, வீசும்போது இல்லை. நீங்கள் கேட்ட பிறகுதான் கவனித்தேன். வேன் விஷயமும் சரிதான், ஆளுக்கு 150 ரூபாய்.

நேற்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அப்பாவுக்கு இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். ரிங்கு சிங் வரும்வரை டிவியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அக்கா எழுதியதை ஆரம்பித்ததும் சத்தத்தைக் குறைத்துவிட்டார். முடித்ததும் என்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. “அந்த வாழைக்காய்ப் பையன் இப்ப என்ன பண்றான்?” என்றார். கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

---

கரோலினா அடுப்பங்கரை:

அப்பாவிடம் சொல். நன்றாக இருக்கிறான். அவன் ஊரில் மாமாவின் இரும்புக் கடையில் வேலை. சாயங்காலம் நாலு மணிக்குக் கடையை மூடிவிட்டு, பக்கத்துத் திடலில் பத்துப் பன்னிரண்டு பையன்களுக்குக் கேட்சர் வேலை கற்றுக்கொடுக்கிறான். மண்டி போட்டு உட்கார்வது, பந்தை உடம்பால் மறிப்பது, இதெல்லாம். போன மாதம் வீடியோவில் கூப்பிட்டபோது அவர்களில் ஒருவனைக் காட்டினான். 14 வயது இருக்கும், கால் இரண்டும் புழுதி. அந்தப் பையன் போட்டிருந்த செருப்பைக் கேமராவில் காட்டச் சொல்லிவிட்டுச் சிரித்தான். புதுசு.